இரண்டாவது எண்

மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து அரை மணிக்கொரு முறை ஒரு வரி வெளியே போகிறது. விமானிகளுக்கான வரி அது. காற்று எந்தத் திசையிலிருந்து எத்தனை நாட் வேகத்தில் வருகிறது, எவ்வளவு தூரம் கண்ணுக்குத் தெரிகிறது, மேகம் எந்த உயரத்தில் நிற்கிறது, காற்றழுத்தம் எவ்வளவு என்று எல்லாவற்றையும் சுருக்கெழுத்தில் அடக்கியிருப்பார்கள். மெட்டார் என்று பெயர். நேரம் கிரீன்விச் கணக்கில் இருக்கும். 0830 என்று போட்டிருந்தால் நமக்குப் பிற்பகல் 2 மணி. வரியின் பிற்பகுதியில் ஒரு சாய்கோடு, அதன் இருபுறமும் இரண்டு எண்கள்: 35/27 என்பதுபோல.

ஏப்ரல் பிறந்ததும் சென்னையின் வானிலை ஆர்வலர்கள் தேடுவது அந்தச் சாய்கோட்டைத்தான். இவர்களில் ஆடிட்டர் உண்டு, கல்லூரி மாணவர் உண்டு, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது ஊர் முழுக்க இவர்களைக் கவனிக்க ஆரம்பித்தது. 'தமிழ்நாடு வெதர்மேன்' பிரதீப் ஜான் வீட்டுக்கு வீடு தெரிந்த பெயரானது அப்போதுதான். ஆனால் உண்மையைச் சொல்லவேண்டுமென்றால் இவர்களில் பெரும்பாலோர் மழைப் பைத்தியங்கள். வெயிலை ரசிப்பவர்கள் அல்ல. வடகிழக்குப் பருவமழை முடிந்து, ஜனவரி முதல் மார்ச் வரை ராடாரில் ஒன்றுமே தெரியாமல் காய்ந்துபோய், கோடை இடிமழைக்காக ஏங்கிக் கிடப்பவர்கள். இடிமழைக்குத் தீனி நீராவி. அந்தத் தீனி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்க்கப் போய்த்தான் இரண்டாவது எண்ணைப் பிடித்துக்கொண்டார்கள். மழையைத் தேடிப் போன வழியில் புழுக்கத்தை அளக்கக் கற்றுக்கொண்டார்கள் எனலாம்.

முதல் எண் வெப்பநிலை. இரண்டாவது பனிநிலை. காற்றிலுள்ள நீராவியைக் கூட்டாமல் குறைக்காமல் அந்தக் காற்றைக் குளிர்வித்துக்கொண்டே போனால், ஒரு கட்டத்தில் நீராவி துளியாகப் படியத் தொடங்கும். அந்தக் கட்டத்தின் வெப்பநிலைதான் பனிநிலை. ஐஸ் போட்ட டம்ளரின் வெளிப்பக்கம் நனைவதற்குக் காரணம், டம்ளரின் சுவர் சுற்றியுள்ள காற்றின் பனிநிலைக்குக் கீழே போய்விட்டது என்பதே. ஈரப்பதச் சதவீதத்தைவிட இது நாணயமான அளவு. சதவீதம் வெப்பநிலையோடு சேர்ந்து ஆடும். விடியற்காலையில் 90, மதியத்தில் 60 என்று மாறும். காற்றிலிருக்கும் நீர் என்னவோ அதேதான். பனிநிலை அந்த நீரை மட்டுமே சொல்கிறது. 35/27 என்றால் ஒவ்வொரு கன மீட்டர் காற்றிலும் சுமார் 25 கிராம் நீர். பத்தடிக்குப் பத்தடி அறை, பத்தடி உயரம் என்று வைத்துக்கொண்டால், அதற்குள் கண்ணுக்குத் தெரியாமல் முக்கால் லிட்டருக்குச் சற்றே குறைவான தண்ணீர் தொங்கிக்கொண்டிருக்கிறது.

இதைச் செய்தித்தாள் சொல்லாது. செய்தித்தாளுக்கு வேண்டியது சதம். பாரன்ஹீட் அளவை நாம் கைவிட்டு அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியும், வெயில் என்று வந்தால் மட்டும் 100 டிகிரியை விட மனம் வருவதில்லை. செல்சியஸில் அது 37.8. அதைத் தாண்டினால் 'வெயில் சதமடித்தது'. வேலூர், திருத்தணி, கரூர் பரமத்தி, ஈரோடு, மதுரை விமான நிலையம் என்று சதமடித்த ஊர்களின் பட்டியல் மறுநாள் காலையில் வந்துவிடும். நாகப்பட்டினமும் பாம்பனும் தூத்துக்குடியும் அந்தப் பட்டியலில் அபூர்வம். அங்கே 34, 35 என்று இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் மாலையில் சட்டையைப் பிழிந்து காயப்போடுவது எந்தப் பட்டியலிலும் ஏறுவதில்லை.

அரசாங்கக் கணக்கும் ஏறக்குறைய இதே பக்கம்தான் சாய்கிறது. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி சமவெளியில் 40 டிகிரியும் கடலோரத்தில் 37 டிகிரியும் மலைப்பகுதியில் 30 டிகிரியும் எட்டினால்தான் வெப்ப அலை பற்றிய பேச்சே எழும். அதோடு இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்கவேண்டும். சென்னையின் ஏப்ரல் மாத உச்ச வெப்பநிலை சராசரியாக 35-ஐ ஒட்டி இருக்கும். ஆக, 39-ஐத் தாண்டினால்தான் ஏப்ரலில் வெப்ப அலை. 36/28 என்று ஒரு வாரம் முழுக்க ஊரே அவிந்தாலும் பதிவேட்டில் அது வெப்ப அலை ஆகாது. நியாயமாகச் சொன்னால், துறை இதை அறியாமல் இல்லை. அதிக வெப்பமும் அதிக ஈரப்பதமும் சேர்ந்து அசௌகரியம் ஏற்படலாம் என்று சென்னை மண்டல மையத்தின் அறிக்கைகளில் தனியாக ஒரு வரி வருகிறது; 2023 முதல் சோதனை முறையில் வெப்பக் குறியீட்டையும் வெளியிடுகிறார்கள். தமிழக அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, உயிரிழந்தோர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று நிர்ணயித்தது. ஆனால் அலை என்று எதைச் சொல்வது என்ற இடத்தில் இன்னும் முதல் எண்தான் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு நாட்களை எடுத்துக்கொள்வோம். வேலூரில் ஒரு மதியம் 41/20. சென்னைக் கடற்கரையில் ஒரு மதியம் 35/27. எது மோசம்? முதல் எண்ணைப் பார்த்தால் சந்தேகமே இல்லை. இப்போது இரண்டு ஊரிலும் ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் வையுங்கள். துணியிலிருந்து நீர் ஆவியாகும், ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், குமிழ் குளிரும். வேலூரில் அது 27-க்குக் கீழே இறங்கி நிற்கும். சென்னையில் 29-லேயே நின்றுவிடும். இதுதான் ஈரக்குமிழ் வெப்பநிலை. வீட்டில் இதே வேலையைச் செய்வது மண்பானை. வேலூர்ப் பானையின் தண்ணீர் வெளிக்காற்றைவிடப் பல டிகிரி குளிர்ந்திருக்கும். சென்னையில் அதே பானைக்கு அவ்வளவு தெம்பு கிடையாது. வைக்கோல் தட்டி வைத்த ஏர்கூலரை உள்மாவட்டத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி வந்து சென்னை வாடகை வீட்டில் வைத்தவர்கள் இந்தப் பாடத்தைக் காசு கொடுத்துக் கற்றிருப்பார்கள்.

உடம்பும் ஈரத்துணி சுற்றிய குமிழ்தான். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆள் சுமார் 100 வாட் வெப்பத்தை உற்பத்தி செய்துகொண்டே இருக்கிறார். அதை வெளியேற்றியாகவேண்டும். காற்று தோலைவிடச் சூடாக இருந்தால் வியர்வை ஒன்றே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் போய்விடும்; மிகத் தாராளமான ஏற்பாடு. ஆனால் 'ஆவியானால்' என்ற சொல்லில் இருக்கிறது சிக்கல். 35 டிகிரி தோலின் மேல் நீராவியின் அழுத்தம் சுமார் 56 ஹெக்டோபாஸ்கல். வேலூர்க் காற்றில் இருப்பது 23. சென்னைக் காற்றில் இருப்பது 36. வியர்வையை இழுப்பது இந்த இடைவெளிதான்: அங்கே 33, இங்கே 20. ஐந்தில் இரண்டு பங்கு இழுவிசை காணாமல் போய்விட்டது. ஆவியாகாத வியர்வை முதுகில் ஓடையாக இறங்கும். அது உடம்பிலிருந்து உப்பையும் நீரையும் கொண்டுபோகுமே தவிர, வெப்பத்தைக் கொண்டுபோகாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. 1774-ல் லண்டனில் ஜார்ஜ் ஃபோர்டைஸ் என்ற மருத்துவர் ஓர் அறையைச் சூடாக்கி நண்பர்களை அழைத்தார். வந்தவர்களில் சார்லஸ் பிளாக்டன் இருந்தார். கேப்டன் குக்குடன் உலகைச் சுற்றி வந்திருந்த ஜோசப் பேங்க்ஸும் சொலாண்டரும் இருந்தார்கள். தண்ணீர் கொதிக்கும் வெப்பநிலையைத் தாண்டிய அந்த அறையில் அவர்கள் நின்றார்கள். கூடவே வைத்த முட்டை வெந்தது, மாட்டிறைச்சி வெந்தது. மனிதர்கள் நலமாக வெளியே வந்தார்கள். அறை வறண்டிருந்ததுதான் காரணம். வியர்வை தோலில் நிற்காமல் பறந்தது. நீராவியோடு சூடாக்கிய அறையில் இந்த வேடிக்கை நடக்காது.

அடுத்தவர் ஜான் ஸ்காட் ஹால்டேன். கார்ன்வால் பகுதியின் தகரச் சுரங்கங்களுக்குக் கொக்கிப்புழு நோயை விசாரிக்கப் போனவர், பூமிக்கடியில் சூடும் ஈரமுமான காற்றில் மனிதர்கள் வேலை செய்வதைப் பார்த்தார். 1905-ல் அவர் வெளியிட்ட முடிவு இது: உலர்ந்த வெப்பமானி என்ன காட்டுகிறது என்பது பெரிய விஷயமே இல்லை, அசையாத காற்றில் ஈரக்குமிழ் சுமார் 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா இருப்பவரின் உடல் வெப்பமும் ஏறத் தொடங்கிவிடும். அதோடு அறிவியல் உலகம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். நடந்தது வேறு. ஷெர்வுட், ஹூபர் இருவரும் 2010-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு 35 என்ற எண் பிரபலமாகிவிட்டது. ஈரக்குமிழ் 35 என்றால் தோலிலிருந்து வெப்பம் வெளியேற எந்த வழியும் இல்லை, நிழலில் விசிறிக்கடியில் நிர்வாணமாக உட்கார்ந்தாலும் சில மணி நேரத்தில் மரணம். கணக்கு சரி. ஆனால் அது எல்லா வாசலும் மூடிய பிறகு வரும் எண். பெரும்பாலான வாசல்கள் அதற்கு வெகு முன்பே மூடிவிடுகின்றன. 2022-ல் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை அறைக்குள் வைத்து, வீட்டு வேலை அளவுக்கு மெல்ல அசையச் செய்து அளந்து பார்த்தார்கள். ஈரமான சூழலில் உடல் வெப்பம் கட்டுக்கு அடங்காமல் ஏறத் தொடங்கிய இடம் சுமார் 30.6. நூற்றுச் சொச்ச ஆண்டுகள் சுற்றிவிட்டு ஹால்டேனின் வாசலிலேயே வந்து நின்றார்கள். சென்னையின் சாதாரண ஏப்ரல் மதியம் 29 என்று மேலே பார்த்தோம். முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் இளைஞர்களுக்கான வரம்பு பொருந்தாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செல்போனில் 'உணரும் வெப்பம்' என்று வருகிறதே, அது? அதன் வேர் ராபர்ட் ஸ்டெட்மன் 1979-ல் போட்ட அட்டவணை. அதில் 35/27-க்குச் சுமார் 46 டிகிரி வரும், 41/20-க்கு 45. ஆறு டிகிரி வித்தியாசத்தை அந்த அட்டவணை ஒரேயடியாகத் துடைத்துவிடுகிறது. ஆனாலும் எனக்கு அதன் மேல் முழு நம்பிக்கை கிடையாது. ஸ்டெட்மன் மனதில் வைத்திருந்த ஆள் சுமார் 67 கிலோ எடையுள்ளவர், நிழலில், இளங்காற்றில் நிதானமாக நடப்பவர். மெரினாவில் சுண்டல் விற்பவரோ சாலையில் தார் கொட்டுபவரோ அவர் இல்லை. வெயிலில் நிற்பவருக்கு வேறு அளவு வேண்டும். அதைக் கண்டுபிடிக்க வைத்தது அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சி முகாம். தென் கரோலினாவின் பாரிஸ் தீவில் 1950-களில் பயிற்சியின்போது வீரர்கள் வெப்பத்தில் சுருண்டு விழுந்தார்கள். யாக்ளோ, மினார்டு இருவரும் 1957-ல் ஒரு வாய்பாடு தந்தார்கள். ஈரக்குமிழுக்கு 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்கு 20 சதவீதம், சாதாரண வெப்பநிலைக்கு மீதி 10. சதமடிக்கும் எண்ணுக்குப் பத்தில் ஒரு பங்கு மதிப்புதான்! இதே அளவைக் கொண்டு சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழகத்து உப்பளங்களில் வேலை செய்பவர்களை ஆராய்ந்து, பாதுகாப்பு வரம்பை மீறிய வெப்பத்தையும் சிறுநீரகப் பாதிப்பையும் பதிவு செய்திருக்கிறார்கள்.

சரி, இந்த ஈரம் எங்கிருந்து வருகிறது? பதில் எல்லாருக்கும் தெரியும். ஆனால் எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் ஆர்வலர்களின் முழு விளையாட்டும் இருக்கிறது.

காலை பத்து மணிக்கு மெட்டாரில் காற்று 27006 என்று இருக்கிறதென்று வைத்துக்கொள்வோம். 270 பாகை, அதாவது நேர் மேற்கு. வேகம் 6 நாட். தரை சூடாகிக்கொண்டிருக்கிறது. வங்கக் கடலின் மேற்பரப்பு 29, 30 டிகிரியில் அசையாமல் கிடக்கிறது. தரைக்காற்று சூடாகி மேலே கிளம்ப, அழுத்தம் குறைய, ஒரு கட்டத்தில் கடல் பக்கத்துக் காற்று உள்ளே நுழையும். அடுத்த வரியில் 13009 என்று தென்கிழக்காகத் திரும்பியிருக்கும். 'வந்துவிட்டது' என்று அப்போது ஆளாளுக்குத் தகவல் சொல்லிக்கொள்வார்கள். ஏப்ரலில் மேற்குக் காற்று பலவீனம் என்பதால் இது நண்பகலுக்கு முன்பே நடந்துவிடும்; வெப்பநிலை 35-ஐ ஒட்டி நின்றுவிடும். கடற்காற்று முதல் எண்ணுக்குக் கடிவாளம் போடுகிறது, இரண்டாவதை ஏற்றிவிடுகிறது. சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002 முதல் இயங்கும் டாப்ளர் ராடாரில், தூசியும் பூச்சியுமாகச் சேர்ந்து இந்தக் காற்றின் முன்விளிம்பு மெல்லிய கோடாகத் தெரியும். அது மேற்கே நகர்ந்து, மாலையில் திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் மேகங்களைக் கிளப்பிவிட்டால் மழைப் பைத்தியங்களுக்குத் தீபாவளி.

மே மாதக் கதை வேறு. மேற்குக் காற்று வலுத்து, கடற்காற்றைக் கரையிலேயே தடுத்து நிறுத்தும். அப்போது காலை ஐந்தரை மணிக்கு மீனம்பாக்கத்தில் விடும் பலூனின் அளவைப் பார்ப்பார்கள். 850 ஹெக்டோபாஸ்கல் மட்டத்தில், அதாவது சுமார் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில், எத்தனை டிகிரி? காற்று கீழே இறங்கும்போது கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 10 டிகிரி சூடாகும். ஆகவே மேலே 26 என்றால், 15-ஐக் கூட்டி 41. கடற்காற்று தாமதித்தால் அன்றைய உச்சம் ஏறத்தாழ அதுதான். இந்தக் கையளவு கணக்கு பெரும்பாலும் ஒன்றிரண்டு டிகிரிக்குள் வந்துவிடும். புயல் ஒன்று வடக்கே போனால் மேற்குக் காற்றுக்கு இன்னும் கொண்டாட்டம். 2003 மே மாதத்தில் வங்கக் கடலில் உருவான புயல் இலங்கையின் தென்மேற்கைப் பெருவெள்ளத்தில் தள்ளிவிட்டு, ஈரத்தையெல்லாம் சுருட்டிக்கொண்டு மியான்மர் கரைக்குப் போனது. ஆந்திரத்தில் வெப்பத்துக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த மாதம் 31-ம் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. சென்னையின் உச்சமாக இன்றும் சொல்லப்படுவது அந்த எண்தான்.

நுங்கம்பாக்கம் என்றதும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். 1792 முதல் அங்கே ஆய்வகம் இருக்கிறது. வானியலாளர் ஜான் கோல்டிங்ஹாம் 1820 வாக்கில் ஒலியின் வேகத்தை அளக்கப் புனித ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுட்ட பீரங்கிச் சத்தத்தை அங்கிருந்து கேட்டுக் கணக்கிட்டார். ஒவ்வொரு முறையும் வெப்பநிலையோடு காற்றின் ஈரத்தையும் குறித்துக்கொண்டார்; இரண்டுமே ஒலியின் வேகத்தை மாற்றும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இரட்டை எண் பார்க்கும் பழக்கம் இந்த ஊருக்கு இருநூறு வருடப் பழசு.

இரவுக்கும் இரண்டாவது எண்தான் தரை. காற்று பனிநிலையை நெருங்கினால் நீராவி படியத் தொடங்கி வெப்பத்தை வெளிவிடும். வெப்பநிலை அதற்குமேல் இறங்க மறுக்கும். போதாததற்கு, தரை வானுக்கு அனுப்பும் வெப்பத்தை ஈரக்காற்று வழிமறித்துத் திருப்பி அனுப்புகிறது. பகலெல்லாம் சூட்டைக் குடித்த காங்கிரீட் சுவர் தன் பங்கைக் கக்குகிறது. மாலை ஐந்தரைக்குப் பனிநிலை 27 என்றால், விடியலில் 28-க்குக் கீழே இறங்கும் என்று எந்த ஆர்வலரும் பந்தயம் கட்டமாட்டார். பகலில் இழந்ததை உடம்பு மீட்டுக்கொள்வது இரவில்தான் என்பதால், ஐந்தாறு இரவுகள் தொடர்ந்து இப்படிப் போனால் பகல் உச்சத்தைவிட அது அதிகம் கவனிக்கவேண்டிய விஷயம்.

கூர்ந்து பார்ப்பவர்கள் கண்டுகொண்ட ஒரு சமாச்சாரம் இன்னும் இருக்கிறது. மேற்குக் காற்றின் நாளில் பிற்பகல் இரண்டரைக்கு 41/19 என்று உச்சம் வரும். மறுநாள் செய்தியில் வரப்போவது அந்த 41. அந்த நேரத்தில் ஈரக்குமிழ் 26 சொச்சம்தான். மூன்றரை வாக்கில் தாமதமாகக் கடற்காற்று நுழைகிறது. 'அப்பாடா' என்று எல்லாரும் ஜன்னலைத் திறக்கிறார்கள். வெப்பநிலை உடனே விழுந்துவிடாது. முதலில் 38-க்கு வரும். பனிநிலையோ ஒரே தாவலில் 27-க்குப் போய்விடும். 38/27. ஈரக்குமிழ் 30. வெப்பமானி மூன்று டிகிரி இறங்கிய அதே அரை மணியில், உடம்பு சமாளிக்கவேண்டிய அளவு கிட்டத்தட்ட நான்கு டிகிரி ஏறியிருக்கிறது. பள்ளி விட்டுப் பிள்ளைகள் மைதானத்தில் இறங்குவதும், வெயில் தாழ்ந்தது என்று மேஸ்திரி கொத்தனார்களை மறுபடி சாரத்தில் ஏற்றுவதும் அந்த நேரத்தில்தான். அன்றைய உச்சம் ஒரு மணி நேரம் முன்பே பதிவாகிவிட்டதால், 38/27 எந்த அறிக்கையிலும் வராது. 1000 என்று நேரமிட்ட ஒரு மெட்டார் வரியில் மட்டும் இருக்கும்.